குழந்தையும் சுற்றமும்

பள்ளிக்கூடத்தின் கதவு அடைபட்டுவிட்டால் ஒரு குழந்தையின் கல்வி யாருடைய பொறுப்பு? நூல்களில் மட்டுமே எழுப்பப்பட்டு வந்த இவ்வினா, 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் வந்து நின்றது. கொரோனாத் தொற்றின் காரணமாக மூடப்பட்ட தமிழகப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ 19 மாதங்கள்! ஐந்து வயதுக் குழந்தைக்கு அது தன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு அன்றோ?

அந்நாள்களில் வீடுகள் எழுப்பிய கேள்வி ஒன்றே: 'பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?' மற்றொரு கேள்வியும் எழுந்திருக்க வேண்டும்: 'பிள்ளையோடு வெளியே சென்று விளையாட யார் இருக்கிறார்கள்?' இதை எழுப்பியவர் மிகச் சிலரே. முதற்கேள்விக்கு விடை காண அரசும் திருச்சபையும் தொண்டு நிறுவனங்களும் ஓடோடி வந்தன. இரண்டாவது கேள்வி தெருவிலேயே நின்றுவிட்டது. அதைச் சற்று உள்ளே அழைத்து, அமரவைத்து, அது சொல்வதைச் செவிமடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தென்காசிச் சீமையை எண்ணிப் பார்ப்போம். 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமாக மலர்ந்த தென்காசி, நான்கே திங்களில் ஊரடங்கைச் சந்தித்தது. இங்கே எண்ணற்ற இல்லங்களின் அடுப்பு எரிவது பீடி சுற்றும் பெண்களின் விரல்களால். தந்தை கேரளத்திலோ வளைகுடா நாட்டிலோ உழைக்கிறார். தாய் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, கடையில் கொடுக்க வேண்டிய எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அவருடைய கை ஓய்ந்தால் கூலி ஓய்ந்துவிடும். இத்தகைய தாயிடம்தான், 'உங்கள் குழந்தைக்கு இனி நீங்களே ஆசிரியர்' என்று காலம் கூறிற்று. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது உண்மையே. ஆயினும் திரையில் தோன்றும் ஆசிரியர், 'விளங்கிற்றா?' என்று கேட்டாலும் குழந்தையின் முகத்தைக் காணமாட்டார். அம்முகத்தைக் காண வீட்டில் ஒருவர் தேவைப்பட்டார்.

அந்த ஒருவர் பெரும்பாலும் சுற்றத்தாரே. நாட்டின் சிற்றூர்களில் 2020 செப்டம்பரில் தொலைபேசி வழியாக நடத்தப்பட்ட 'அசர்' கல்வி ஆய்வு, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகள் வீட்டில் உள்ளோரிடமிருந்து ஏதேனும் ஓர் உதவியைப் பெற்றதாகத் தெரிவித்தது. அவ்வாறு உதவியோரில் அண்ணன்மாரும் அக்காமாரும் அடங்குவர். குருதி உறவுக்கு அப்பாலும் இது நிகழ்ந்தது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் குடியிருந்த ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லத் தொடங்க, அது கலைவாணி கல்வி மையமாக வளர்ந்ததை நாளிதழ்களில் படித்தோம். பள்ளி மூடியபோது உறவு திறந்துகொண்டது எனலாம்.

இனி, ஓர் இல்லத்தைக் கற்பனையில் காண்போம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன். தாய் பீடி சுற்றுகிறார். ஆச்சி காலையில் அவனுக்குக் கதை சொல்கிறார். தாய்மாமன் மாலையில் வாய்ப்பாடு கேட்கிறார். கல்லூரியில் பயிலும் சித்தி ஆங்கிலம் கற்பிக்கிறார். எல்லாம் நன்றே. ஒருநாள் சிறுவன், 'மாமா, ஆற்றங்கரைக்குப் போவோமா?' என்று கேட்கிறான். 'ஏழாம் வாய்ப்பாடே வரவில்லை. விளையாட்டுக்கு இதுவா நேரம்?' என்கிறார் மாமா. 'பாவம், பிள்ளை போய்வரட்டுமே' என்கிறார் ஆச்சி. 'நான் வேளாவேளைக்கு வந்து சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் கெடுக்கிறீர்கள்' என்று மாமா சினக்கிறார். தாய் ஒன்றும் பேசவில்லை. உதவி செய்பவரை எதிர்த்துப் பேச அவருக்கு நா எழவில்லை. சிறுவன் மீண்டும் சுவரோரம் அமர்கிறான்.

இச்சிறு பூசலில் பெரிய அறவினா ஒன்று அடங்கியுள்ளது. உதவி செய்தவருக்கு, உதவி பெற்றவர்மேல் என்ன உரிமை உண்டு?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான, தலையாய கல்வியாளர் என்று தெளிவுறக் கற்பிக்கிறது. அதே வேளையில், அப்பணிக்குச் சமூகம் முழுவதன் துணையும் வேண்டும் என்பதையும் அது மறைக்கவில்லை. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றதும், 1992இல் இந்தியா இசைவளித்ததுமான குழந்தை உரிமை உடன்படிக்கை தன் ஐந்தாம் பிரிவில் பெற்றோரை மட்டுமன்றி, வழக்கத்திற்கேற்ப விரிந்த குடும்பத்தாரையும் பொறுப்புடையோராக ஏற்கிறது. எனவே சுற்றத்தாரின் பங்கு வெறும் தயவு அன்று; அதில் கடமையும் கலந்திருக்கிறது. ஆனால் அது எத்தகைய கடமை?

திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931இல் சமூக ஒழுங்கைப் பற்றி எழுதியபோது ஒரு நெறியை வகுத்தார். சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது. அதனால் இயலாதபோது தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதே அந்நெறி. அரசைக் குறித்துச் சொல்லப்பட்ட இதனைச் சுற்றத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம். தாயின் கை வலுவிழக்கும்போது அதைத் தாங்குவது உதவி. தாயின் கையை விலக்கிவிட்டுத் தன் கையை வைப்பது ஆதிக்கம். மேற்கண்ட மாமன் வாய்ப்பாடு கற்பித்தவரை உதவினார். 'நான் செய்தேன், ஆகவே நான் சொல்வதே நடக்கவேண்டும்' என்றபோது தம் உதவியைக் கடனாக மாற்றிவிட்டார், அக்கடனை அடைக்கும் சுமை எட்டு வயதுத் தோளின்மேல் ஏறிவிட்டது.

இதன் மறுபுறமும் உண்டு. பெற்றோர் சிலர் சுற்றத்தாரின் உழைப்பைக் கிணற்று நீர்போல் எண்ணுகின்றனர். இறைக்க இறைக்க ஊறும் என்ற நினைப்பு. ஆச்சிக்கு முழங்கால் வலி இருக்கலாம். பத்தாம் வகுப்பு அக்காவுக்குத் தன் தேர்வு இருக்கலாம். 'வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்' என்ற ஒரு சொல்லில் எத்தனை பெண்களின் பொழுது களவாடப்படுகிறது! தம்பிக்குப் பாடம் சொல்வதற்காகத் தன் பாடத்தை மூடிவைத்த சிறுமியின் தியாகத்தை நாம் புகழ்கிறோம். அவளிடம் இசைவு கேட்டோமா? அன்பின் பெயரால் பெறப்படும் உழைப்புக்கும் நீதி உண்டு. ஓய்வு தருவதும் நன்றி கூறுவதும், 'உன்னால் இன்று இயலுமா?' என்று கேட்பதும் அந்நீதியின் எளிய வடிவங்கள்.

குழந்தையையும் கேட்க வேண்டும். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் தம் மைந்தரை வழக்கமான பள்ளிகளுக்கு அனுப்பாமல், தாமே கற்பிக்க முனைந்தார். அலுவலகத்திற்கு நடந்து செல்கையில் உடன் அழைத்துச் சென்று உரையாடல் வழியே பாடம் சொன்னார். கால்கள் நடக்க, மனம் வளர்ந்த அழகிய முறை அது. எனினும், முறையான கல்வி தமக்கு மறுக்கப்பட்டது என்ற மனக்குறை மூத்த மகன் ஹரிலாலின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1911இல் அவர் தந்தையைப் பிரிந்து, படிப்பை நாடி இந்தியா திரும்பினார். உயர்ந்த நோக்கமும் தூய அன்பும் இருந்தும், கற்பவனின் விருப்பத்திற்குச் செவிகொடுக்காத இடத்தில் காயம் உண்டாகிவிடுகிறது. பள்ளியை விட்டு இல்லத்திலேயே பிள்ளைகளைப் பயிற்றுவிக்க இன்று விரும்பும் குடும்பங்களும், அவர்களுக்குத் தோள்கொடுக்கும் உறவினரும் இதை மனத்தில் இருத்துதல் நலம்.

இனி விளையாட்டிற்கு வருவோம். நம்மில் பலர் விளையாட்டைப் படிப்பின் கூலியாகக் காண்கிறோம். 'படித்து முடித்தால் விளையாடலாம்'. வேறு சிலர் அதைப் படிப்பின் வேடமாகக் காண்கின்றனர். பல்லாங்குழியின் 14 குழிகளில் ஐந்தைந்தாகப் புளியங்கொட்டை இட்டால் 70 என்று குழந்தை கணக்குக் கற்கிறது. ஆகவே பல்லாங்குழி நல்லது என்பர். கணக்கு வருவது உண்மையே. ஆனால் கணக்கு வராவிட்டால் பல்லாங்குழி வீணா? கிளித்தட்டில் கோட்டைத் தாண்டும்போது குழந்தை எந்தப் பாடத்தையும் எண்ணுவதில்லை. அது ஓடுகிறது, ஏமாற்றுகிறது, பிடிபடுகிறது, சிரிக்கிறது, சண்டையிட்டு உடனே சமாதானமாகிறது. தோற்றபின்னும் வாழலாம் என்பதை அது தன் உடலால் அறிகிறது. புனித அக்குவினாசு தோமா, விளையாட்டில் அளவறிந்து மகிழ்வதையும் ஒரு நற்பண்பாகவே தம் இறையியல் தொகுப்பில் ஆராய்ந்துள்ளார். மேற்கூறிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்றே குறிக்கிறது. உரிமை எனில், அதைப் பரிசாகக் காட்டி ஆசையூட்டுவதும், தண்டனையாகப் பறிப்பதும் தகுமா?

ஆனால் வெளியே விளையாடுவதற்கு வெற்றிடம் மட்டும் போதாது. குற்றாலத்தை நோக்குங்கள். ஆனி, ஆடியில் பொதிகை மலைச்சாரல் தென்காசித் தெருக்கள்வரை வந்து முகத்தை நனைக்கிறது. சிற்றாறு கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு ஊர்களினூடே ஓடுகிறது. மரம் உண்டு, குரங்கு உண்டு, வண்ணத்துப்பூச்சி உண்டு. குழந்தைக்கு இதைவிடப் பெரிய பள்ளி எது? இருந்தும் அச்சம் நம்மைத் தடுக்கிறது. அது வீண் அச்சமும் அன்று. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. கீழே நிற்பவருக்கு வெயில் அடிக்கலாம். மேலே மலையில் மழை கொட்டலாம். இத்தகைய இடத்தில், 'போய் விளையாடு' என்று குழந்தையைத் தனியே அனுப்புவது அன்பாகாது. 'எங்கும் போகாதே' என்று கைப்பேசியைக் கொடுத்து அறையில் இருத்துவதும் அன்பாகாது.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் உடனிருத்தல். ஆற்றை அறிந்த பெரியவர் ஒருவர் கரையில் அமர்ந்திருக்கிறார். தெளிந்த நீர் கலங்குவதையும், இலையும் சுள்ளியும் அடித்துவரப்படுவதையும், ஓசை மாறுவதையும் அவர் அறிவார். எப்போது கூப்பிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எப்போது கூப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதும் தெரியும். அவர் குழந்தையோடு ஓட வேண்டியதில்லை, கற்பிக்க வேண்டியதில்லை, திருத்த வேண்டியதுமில்லை. அவருடைய கண் அங்கே இருப்பதால் குழந்தையின் கால் விடுதலை பெறுகிறது. தூரின் நகரத்துச் சிறுவர்களுக்காகத் தம்மைக் கையளித்த புனித தொன்போஸ்கோ, கற்பிப்போர் விளையாட்டுத் திடலில் சிறுவரோடு கலந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தியதன் உட்பொருளும் இதுவே. குழந்தையின் சுதந்திரம் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் தம் பொழுதை ஈந்து, அச்சுதந்திரத்தை உண்டாக்குகிறார்.

சுற்றத்தார் தரக்கூடிய தலைசிறந்த கொடை இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. பெற்றோருக்குக் குழந்தையின் நாளைய நாளைப் பற்றிய கவலை உண்டு. ஆசிரியருக்கு மதிப்பெண் பற்றிய கவலை உண்டு. தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் அத்தைக்கும் அந்த அவசரம் இல்லை. அவர்களால் குழந்தையின் இன்றைய நாளைக் காண இயலும். அவர்களையும் ஊதியமற்ற தனிப்பயிற்சி ஆசிரியராக்கிவிட்டால், அவசரப்படாமல் பார்க்கும் கடைசிக் கண்களையும் குழந்தையிடமிருந்து பறித்தவர்களாவோம். இறைவாக்கினர் செக்கரியா மீட்புப் பெற்ற எருசலேமைக் காட்சியாக வரைகையில், கைத்தடி ஊன்றிய முதியோர் வீதிகளில் அமர்ந்திருப்பதையும், அதே வீதிகள் சிறுவர் சிறுமியரின் விளையாட்டால் நிறைந்திருப்பதையும் அடுத்தடுத்துக் காட்டுகிறார். இவ்விரண்டும் ஒரே காட்சியில் அமைந்தது தற்செயலா? முதியோர் அமரும் தெருவில்தான் குழந்தைகள் விளையாட முடியும். நம் வீடுகளில் திண்ணை மறைந்தது. தெருவில் கிளித்தட்டும் மறைந்தது.

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் மறைத்தலாகாது. உறவு என்ற பெயரே பாதுகாப்பாகிவிடாது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பாலான குற்றவாளிகள் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உறவினரையும் விலக்கிவைக்கவில்லை. ஆகவே சுற்றத்தைப் போற்றும் நாம், குழந்தையின் சொல்லை அதற்கும் மேலாகப் போற்ற வேண்டும். 'அவரோடு போகமாட்டேன்' என்று குழந்தை சொன்னால், 'மாமாவை அப்படிச் சொல்லக்கூடாது' என்று வாயை அடைப்பது பெரும் தீங்கு. படிப்பும் விளையாட்டும் பலர் கண்ணெதிரே, கதவு திறந்த இடத்தில் நடைபெறட்டும். உண்மையான அன்புடைய உறவினர் இதனால் மனம் நோகமாட்டார்.

லூக்கா நற்செய்தியில் பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். அதில் நம் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒரு செய்தி உண்டு. மரியாவும் யோசேப்பும் ஒருநாள் பயணம் முழுவதும் கவலையின்றி நடந்தார்கள். பிள்ளை உறவினர், அறிமுகமானோர் கூட்டத்தில் இருப்பான் என்பது அவர்களுடைய எண்ணம். திருக்குடும்பமும் சுற்றத்தை நம்பியே வாழ்ந்தது. தாயின் கைக்கு எட்டாத தொலைவிலும் பிள்ளை நடப்பதற்கு அந்நம்பிக்கை இடம் தந்தது. ஆயினும் ஒவ்வொருவரும், 'வேறொருவர் பார்த்துக்கொள்வார்' என்றிருக்கையில் பிள்ளை யார் கண்ணிலும் இல்லாமற்போகக்கூடும் என்பதையும் அதே நிகழ்ச்சி காட்டுகிறது. மூன்றாம் நாள் கண்டடைந்தபோது சிறுவன் இயேசு அளித்த மறுமொழி, அவர் இறுதியில் யாருக்கு உரியவர் என்பதை உணர்த்திற்று. ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் இதைச் சொல்லலாம். அது தாய்க்கும் சொத்தன்று, மாமனுக்கும் சொத்தன்று. நாம் யாவரும் காவலரே, உடைமையாளர் ஒருவர்தாம். இதை உணர்ந்தவர், 'நான் வளர்த்தேன்' என்று கணக்குக் காட்டமாட்டார்.

எஞ்சி நிற்கும் வினா ஒன்று. சுற்றமே இல்லாத குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்? வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள், தனித்து விடப்பட்ட தாய்மார், உறவினர் இருந்தும் பேச்சுவார்த்தை அற்றுப்போன இல்லங்கள் நம் பங்குகளில் எத்தனை! 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளைகளில் தம் தெருப் பிள்ளைகளைக் கூட்டி அமர்த்திப் பாடமும் விளையாட்டும் நடத்தினர். குருதியால் உறவல்லாதோர் அந்நேரத்தில் அத்தையும் அக்காவும் ஆயினர். அரசு ஒரு திட்டமாகச் செய்ததைத் திருமுழுக்கால் ஒரே குடும்பமான நாம் இயல்பாகச் செய்ய வேண்டாமா?

நம் அன்பியக் கூட்டங்களில் செபிக்கிறோம், நன்று. அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியையும் கேட்போம்: 'நம் தெருவில் மாலையில் ஐந்து மணிக்கு எந்தக் குழந்தை தனியாக இருக்கிறது?' பெரும்பாலான ஊர்களில் மிகப் பெரிய திறந்தவெளி ஆலய வளாகமே. அங்கே வேம்பு நிற்கிறது, நிழல் இருக்கிறது, ஆனால் ஞாயிறு திருப்பலி முடிந்தால் வாயிற்கதவு பூட்டப்பட்டுவிடுகிறது. பூந்தொட்டி உடையும், இரைச்சல் எழும், மணல் உள்ளே வரும் என்கிறோம். உடையட்டுமே! வாரத்தில் மூன்று மாலைகள் கதவைத் திறந்து வைப்போம். நாளுக்கு இருவர் வீதம், பணி ஓய்வு பெற்ற ஆசிரியரும் மூட்டுவலியுள்ள ஆச்சியும் மரத்தடியில் நாற்காலி போட்டு அமரட்டும். அரைமணி நேரம் விரும்புவோர் பாடத்தில் ஐயம் கேட்கட்டும். எஞ்சிய ஒருமணி நேரம் பாண்டியும் கிளித்தட்டும் நடக்கட்டும். எம்மதத்துக் குழந்தையும் வரட்டும். இதற்கு நிதி வேண்டியதில்லை; நன்கொடைச் சீட்டு வேண்டியதில்லை; பொழுது வேண்டும், கண் வேண்டும்.

வள்ளுவர் சுற்றந்தழாலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். சுற்றத்தைத் தழுவி நிற்கும் அக்கடமையை நாம் திருமணப் பந்தலிலும் துக்க வீட்டிலும் தவறாமல் நிறைவேற்றுகிறோம். ஆனால் குழந்தைக்குச் சுற்றம் தேவைப்படுவது நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் மட்டுமன்று. ஒன்றும் நிகழாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில்தான். அன்று அதற்குப் பணம் கொடுப்பவர் வேண்டியதில்லை. அறிவுரை கூறுபவர் வேண்டியதில்லை. 'வா, சிறிதுநேரம் வெளியே போய்வருவோம்' என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொள்ளும் ஒருவர் வேண்டும்.